குப்பைப் பையின் பாரம்: கொழும்பில் ஒரு வீடு சுற்றாடலுக்காகச் செய்யக்கூடியது

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியில், குப்பை வண்டி வரும் நாட்களில் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். அவற்றில் ஒன்று எப்போதும் பருத்திருக்கும். பிஸ்கட் உறைகளும் யோகட் கோப்பைகளும் பால்மாப் பைக்கற்றுகளும் கிழித்து மடித்த அட்டைப்பெட்டிகளும் சேர்ந்து அது ஊதிப்போயிருந்தாலும், இரண்டு விரலால் தூக்கிவிடலாம். மற்றப் பை சிறியது. பால் பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல், வெங்காயச் சருகு, மீன் செதில், முதல்நாள் மிஞ்சிய சோறு என்று ஒரு முழங்கை நீளம்கூட இல்லாத அந்தப் பையின் காது, நான்கு மாடி இறங்குவதற்குள் விரல்களில் சிவப்புத் தழும்பு போட்டுவிடும்.

சுற்றாடலைப் பற்றி நினைக்கும்போது நமது கண் பருத்த பையைத்தான் பார்க்கிறது. பிளாஸ்டிக் நிறம் நிறமாக இருக்கிறது, காற்றில் பறக்கிறது, கடற்கரையில் ஒதுங்கிப் படங்களில் பதிவாகிறது. பாரமான பையோ கறுப்பாக நாறிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. ஒரு குடும்பம் சுற்றாடலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் மரம் நடுதல், பொலித்தீனைக் குறைத்தல், மின்விளக்கை அணைத்தல் என்று ஒரு வரிசை உடனே வந்து விழும். அவை எல்லாம் செய்யத்தக்கவையே; ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பாரம் இல்லை. ஒரு பொருள் நம் கையைவிட்டுப் போன பின் எந்த வழியாகச் சென்று எங்கே தங்குகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்தால், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும். கொழும்பு அப்படிப் பின்தொடர்ந்து பார்க்க வசதியான நகரம்; இங்கே ஆறும் கால்வாயும் சதுப்பு நிலமும் கடலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சிறிய பையிலிருந்தே தொடங்குவோம். இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உக்கக்கூடிய கழிவு. தேங்காய், மரக்கறி, கீரை, மீன் என்று நாள்தோறும் புதிதாக வாங்கிச் சமைக்கும் நாட்டில் அது அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது எப்படி உக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காற்றுப் படும்படி உக்கினால் அது கரியமில வாயுவும் நீராவியும் போக மண்ணுக்கு உணவாகும். பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போடப்பட்டு, நூற்றுக்கணக்கான தொன் குப்பைக்கு அடியில் காற்றில்லாமல் அழுகினால் மீதேன் வாயு உண்டாகும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அழுகும்போது கசியும் கறுப்பு நீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றையும் ஓடையையும் சேரும். ஒரே வாழைப்பழத் தோல்தான். அதை எந்தப் பையில் போட்டோம் என்பதைப் பொறுத்து அது பசளையாகவும் நஞ்சாகவும் ஆகிறது.

இந்தக் கறுப்புப் பையின் பாரம் எவ்வளவு என்பதைக் கொழும்பு 2017 ஏப்ரல் 14 அன்று கண்டது. சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகல், கொலன்னாவைக்கு அருகே மீதொட்டமுல்லவில் பல ஆண்டுகளாகக் குவிக்கப்பட்டிருந்த குப்பை மலை சரிந்து, அதன் அடிவாரத்தில் இருந்த வீடுகளின்மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பண்டிகைக்காகக் கூடியிருந்த குடும்பங்கள் அவர்களில் இருந்தன. அந்த மேட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் குப்பை போய்க்கொண்டிருந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. குப்பை கொட்டப்பட்ட நிலமோ மெத்தென்ற சதுப்பு மண். ஈரமான குப்பை தண்ணீரைத் தன்னுள் தேக்கிவைத்துக்கொள்ளும், மழை அதன் எடையைக் கூட்டும், உள்ளே உண்டாகும் வாயு அடுக்குகளின் பிடிப்பைத் தளர்த்தும். அடியிலிருக்கும் இளகிய மண் ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது. அங்கே குப்பை கொட்டத் தீர்மானித்தவர்களின் பொறுப்பைக் கொழும்புக் குடும்பங்களின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் அந்த மேட்டின் பெரும்பகுதி நம்முடைய சமையலறைகளிலிருந்து போனது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

அதற்குப் பின் நகரின் குப்பை திசைமாறிற்று. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாட் நிலையம் 2021இல் திறக்கப்பட்டது. புத்தளம் மாவட்டத்தின் அருவக்காட்டில் பாதுகாப்பான முறையில் குப்பையைப் புதைக்கும் பெரிய நிலநிரப்பு அமைக்கப்பட்டது. கொழும்பின் கழிவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று புத்தளம் மக்கள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து போராடினார்கள். அவர்களுடைய கேள்வி நியாயமானது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன, அது ஈரம். எரிக்கும் நிலையத்துக்கு வரும் குப்பை ஈரமாக இருந்தால் எரிவதில் கிடைக்கும் வெப்பத்தின் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். புதைக்கும் இடத்துக்குப் போனால், மேலே சொன்ன மீதேனும் கறுப்பு நீரும் அங்கே உண்டாகும். அதுமட்டுமன்றி, மீன்குழம்பில் ஊறிய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மீள்சுழற்சிக்கு எவரும் வாங்கமாட்டார்கள். ஆகவே சமையலறையில் உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் வேறுவேறாக வைப்பது ஒரு சுத்தப் பழக்கம் என்பதைவிடப் பெரியது. நகரத்தின் மற்ற எல்லா ஏற்பாடுகளும் ஒழுங்காக நடப்பதற்கு அதுவே முன்நிபந்தனை. ஒரு குடும்பம் ஒரேயொரு காரியம்தான் செய்ய முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

"பிரித்துக் கொடுத்து என்ன பயன், வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையிலும் அப்படி நடந்ததை ஒரு முறைக்கு மேல் கண்டு மனம் நொந்திருக்கிறேன். ஆனால் பிரிக்காமல் விட்டால் அந்தப் பிரிப்பு வேலையை வேறொருவர் வெறுங்கையால் செய்கிறார் என்பதையும் அதே ஒழுங்கையில்தான் கண்டேன். குப்பை எடுக்க வரும் தம்பி ஒரு நாள் பையை வாங்கும்போது, "அக்கா, கண்ணாடி ஓடு ஏதும் இருந்தா பேப்பர்ல சுத்தித் தனியா சொல்லிக் குடுங்க, போன கிழமை கை கிழிஞ்சிருச்சு" என்றார். அவருடைய பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே துணிச்சுற்று ஒன்று அழுக்கேறி இருந்தது. அன்றிலிருந்து உடைந்த கண்ணாடியையும் சவர அலகையும் தடித்த அட்டையில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் எழுதித்தான் கொடுக்கிறோம். போத்தல், பழைய பத்திரிகை, தகரம் ஆகியவை குப்பைப் பைக்குள் போவதே இல்லை. அவற்றை நிறுத்து வாங்கிப் போகிறவர் இன்னும் எங்கள் பகுதிக்கு வருகிறார், அவருக்காக ஒரு சாக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

உக்கும் கழிவை வீட்டிலேயே பசளையாக்குவது அடுத்த படி. நிலமும் முற்றமும் உள்ளவர்களுக்கு ஒரு குழியோ கொம்போஸ்ட் பீப்பாயோ போதும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வளவுள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொழும்புத் தொடர்மாடியில் நான்கடி பல்கனியை வைத்துக்கொண்டு இதைச் செய்யும்போதுதான் சிரமம் வருகிறது. நாங்கள் முதல் தடவை தோற்றோம். மூடியுள்ள வாளி ஒன்றில் சமையலறைக் கழிவை மட்டும் போட்டுவந்தோம், மூன்றாம் நாளே அது சாக்கடை போல நாறத் தொடங்கியது, ஒரு கிழமையில் புழு வைத்தது. தவறு எங்கே என்று பிறகு விளங்கியது. ஈரக்கழிவில் தழைச்சத்து அதிகம், காற்றிடைவெளி குறைவு. அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச்சத்துள்ள உலர்ந்த பொருளும் காற்றும் வேண்டும். ஒரு கை ஈரக்கழிவுக்கு அதே அளவோ சற்றுக் கூடவோ உலர்பொருள் போட்டால் நாற்றம் எழுவதில்லை. கொழும்பில் அதற்கு மிக எளிதாகக் கிடைப்பது தும்புத்தூள். பூங்கன்று விற்கும் இடங்களில் கட்டியாக அழுத்தி விற்கிறார்கள், ஒரு கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் பெரிய வாளி நிறையும், அதை உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். சருகும் கிழித்த பத்திரிகைத் தாளும்கூட உதவும்.

இப்போது அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட இரண்டு மண்பானைகள் வைத்திருக்கிறோம். ஒன்று நிறைந்ததும் மூடிவைத்து மற்றதைத் தொடங்குவோம். மூன்று நாளுக்கொருமுறை ஒரு கம்பால் கிளறிவிட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் ஈரமே சரியான ஈரம், ஒழுகினால் தும்புத்தூள் போதவில்லை என்று பொருள். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பதார்த்தங்களை அதில் போடுவதில்லை. அவை எலியையும் ஈயையும் அழைக்கும், அவற்றைத் தனியாகக் கட்டி வண்டிக்கே கொடுக்கிறோம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை விழுந்த மண்ணின் மணத்தோடு கூட்டெரு கிடைக்கிறது. அதில் வளரும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் எங்கள் தேவைக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் கீழே கொண்டுபோகும் பாரமான பை பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது.

இனிப் பருத்த பைக்கு வருவோம். பொலித்தீன் விடயத்தில் இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2017 செப்டெம்பர் 1 முதல் சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட்டும், வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிபோமில் செய்த பெட்டிகளும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனும் தடை செய்யப்பட்டன. 2021 மார்ச் இறுதியில், உணவுக்கும் மருந்துக்கும் அல்லாத சிறு சஷேக்களும் பிளாஸ்டிக் தண்டுள்ள காது துடைக்கும் குச்சிகளும் காற்றடைத்த விளையாட்டுப் பொருட்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. 2023 ஒக்டோபர் 1 அன்று பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், ஒருமுறை பாவித்து எறியும் கரண்டி, கோப்பை, தட்டு, பூமாலை ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடைப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் கடைகள் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. விலையைக் காட்சிப்படுத்தி, பற்றுச்சீட்டிலும் குறிக்க வேண்டும். இருந்தும் புறக்கோட்டையின் ஒரு குறுக்குத் தெருவில் அரை மணி நேரம் நடந்தால், மெல்லிய 'சிலி சிலி' பைகள் இன்னும் கை மாறுவதைக் காணலாம். வாங்குகிறவர் நீட்டிய கையை மடக்கினால் ஒழிய விற்கிறவர் நிறுத்தமாட்டார், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கிறார்.

இதில் தனிமனிதர் ஒருவர் செய்யக்கூடியவை பழையவை, சொல்லப்போனால் நம்முடையவை. என்னுடைய அம்மம்மா ஊரில் சந்தைக்கு உமலோடுதான் போவார். பனையோலையில் இழைத்த அந்தப் பை மீன் நாறினால் கழுவி வேலியில் காயவிடப்படும், ஓலை இற்றுப்போனால் அடுப்பெரிக்கும். கொழும்பில் உமல் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்பதில்லை. கைப்பையின் அடியில் மடித்த துணிப்பை ஒன்று எப்போதும் கிடந்தால் போதும். எப்போதும் என்ற சொல்தான் இங்கே கடினமானது; வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கும் பத்துத் துணிப்பைகளால் கடையில் நிற்கும்போது பயனில்லை. மதியச் சோற்றுப் பார்சல் வாங்குகிறவர்கள் ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோய் நீட்டினால் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகளில் முகம் சுளிக்காமல் அதிலேயே போட்டுத் தருகிறார்கள். வேலைக்குப் போகும் ஒருவர் ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் பார்சல் வாங்குவதானால், அது இருநூறுக்கு மேற்பட்ட தாள்.

'உக்கக்கூடியது' என்று அச்சிட்ட லஞ்ச் ஷீட் வந்துவிட்டதே என்று எண்ணி ஆறுதலடைவது சரியல்ல. உண்மையில் அந்த வகையைச் சேர்ந்த தாள்கூட உக்குவதற்குப் பசளைக் குவியலில் இருக்கும் வெப்பமும் நுண்ணுயிர்ச் செறிவும் வேண்டும். கால்வாய் நீரிலோ காலி வீதி வடிகாலிலோ அது நெடுநாள் அப்படியே கிடக்கும். அதனால் 'உக்கும்' என்ற சொல்லைக் கண்டதும் அதை வீதியில் போடலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாழையிலை இந்த விளக்கம் எதுவும் தேவைப்படாத பொருள்.

வீதியில் விழும் ஒரு தாள் கொழும்பில் எங்கே போகிறது என்பதை விளங்கிக்கொள்ள, மழை பெய்து ஓய்ந்த பின் வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். மென்பானப் போத்தல், செருப்பு, பால்மாப் பைக்கற்று, பாதி மூழ்கிய ரெஜிபோம் துண்டு எல்லாம் கடலை நோக்கி வரிசையாக மிதந்து போகும். கொழும்பு மிகத் தாழ்ந்த நிலம். மழைநீர் வடிகாலிலிருந்து கால்வாய்க்கும் கால்வாயிலிருந்து களனி ஆற்றுக்கோ கடலுக்கோ போக வேண்டும், ஆனால் அதை இழுத்துச் செல்லும் சரிவு இங்கே மிகச் சிறியது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மதகின் வாயை நான்கு பொலித்தீன் பைகள் மறைத்தாலே தண்ணீர் திரும்பி ஒழுங்கைக்குள் ஏறும். 2010 நவம்பரில் ஓர் இரவுக்குள் 400 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை கொட்டியபோது நாடாளுமன்றமே வெள்ளத்தால் சூழப்பட்டது. 2016 மேயிலும், டித்வா புயல் தாக்கிய 2025 நவம்பர் இறுதியிலும் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வீடுகளை மூழ்கடித்தது. அத்தகைய பெருவெள்ளத்தைக் குப்பை உண்டாக்குவதில்லை. சாதாரண மாலை மழைக்கும் முழங்கால் அளவு நீர் நிற்கும் தெருக்கள் இருக்கின்றனவே, அவற்றின் கதை வேறு. அங்கே அடைபட்ட வடிகாலே பெரும்பாலும் காரணம். போத்தல் மூடி, யோகட் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீர் டெங்கு நுளம்புக்கு முட்டையிடும் இடமாகிறது. நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்ட 2017ஆம் ஆண்டும், குப்பை மேடு சரிந்து நகரெங்கும் குப்பை தேங்கிய ஆண்டும் ஒன்றே.

வெள்ளத்தை உண்மையில் தாங்கிப் பிடிப்பவை சதுப்பு நிலங்கள். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் இன்னும் எஞ்சியிருக்கிறது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இந்தத் தலைநகரத்துக்குள் வாழ்கின்றன என்பதைப் பலர் நம்பமாட்டார்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் மாநாடு 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்தபோது, ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் இருந்தது. மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சிவைத்து மெல்ல விடுவது இந்தச் சதுப்பு நிலங்களின் வேலை. வீடு கட்டவென்று மலிவு விலையில் காணி தேடும் குடும்பம், நிரப்பிய சதுப்பு நிலத் துண்டு ஒன்றை வாங்க மறுப்பதும் சுற்றாடல் பணிதான்; நூறு மரக்கன்று நடுவதைவிடப் பெரிய பணி என்றே சொல்லத் துணிவேன். அதற்கு முன்னால் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது பத்தரமுல்லைப் பக்கத்து தியசரு பூங்காவுக்கோ பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ கூட்டிப்போவது நல்லது, பார்க்காத ஒன்றை எவரும் காப்பதில்லை.

சமையலறைத் தொட்டியில் ஊற்றும் பொரித்த எண்ணெயும் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு போகிறது. பிரித்தானியர் காலத்தில், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்த்தொகுதியே நகரின் பெரும்பகுதிக்கு அடிப்படை. அது வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் நீளும் குழாய்களில் முடிகிறது. எண்ணெய் குழாய்ச் சுவரில் படிந்து, பிற அழுக்கைப் பிடித்து, கட்டியாகி அடைக்கும். ஆறிய எண்ணெயை உலர்ந்த போத்தலில் சேர்த்து மூடிக் குப்பையோடு கொடுப்பது எளிய மாற்று. குழாய்நீர் வரும் வழியையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிவனொளிபாதமலைப் பக்கத்தில் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீரையே கொழும்பின் பெரும்பகுதி குடிக்கிறது. வரண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் மேலேறி அம்பத்தலையை எட்டும் அபாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒழுகும் குழாயின் இறப்பர் வளையத்தை மாற்றுவது, கட்டணத்தைக் குறைப்பதைவிட ஆற்றுக்கே செய்யும் உதவி.

குப்பையைக் கொல்லையில் எரிப்பது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 2017 முதல் அது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது வெளிவரும் நச்சுப்பொருட்களை முதலில் சுவாசிப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

தனிமனிதர் முயற்சியின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் சூழலில் கலந்தன. நீர்கொழும்பு வரையான கரையில் அவை வெண்மணல் போலக் குவிந்து கிடந்தன. ஒரு குடும்பம் ஆயுள் முழுதும் பொலித்தீன் பைகளைத் தவிர்த்தாலும் அந்த ஒரு கப்பலுக்கு ஈடாகாது. 2025 ஜூலையில் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், கப்பல் தரப்பு 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நகர்ந்ததற்குச் சுற்றாடல் அமைப்புகளும் மீனவர் தரப்பும் நீதிமன்றத்தை நாடியது முக்கிய காரணம். சட்டத்தின் கதவைத் தட்டுவதும், தட்டுகிறவர்களுக்குத் துணைநிற்பதும், தன் வட்டாரத்துச் சபை உறுப்பினரிடம் வடிகாலைப் பற்றி எழுத்தில் கேட்பதும், துணிப்பை தூக்குவதைப் போன்றே ஒரு குடிமகனின் அன்றாடக் கடமைகளில் அடங்கும்.

போக்குவரத்தில் கொழும்புவாசிக்குத் தெரிவுகள் குறைவு என்று சொல்வதுண்டு. காலி வீதியை அண்டி வாழ்கிறவர்களுக்கு அது பொருந்தாது. 100, 101 இலக்க பஸ்களும் கரையோர ரயிலும் நாள் முழுதும் ஓடுகின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடாகி, கியூஆர் அட்டை காட்டினால் கிடைக்கும் பங்குக்குள் அடங்கியபோது பரணில் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்ததையும், மாதக்கணக்கில் நாம் நடந்தே காரியம் முடித்ததையும் நினைத்துப் பார்த்தால், தேவையற்ற ஓட்டம் எவ்வளவு என்பது அவரவர்க்கே தெரியும்.

மின்சாரத்தில், எவ்வளவு பாவிக்கிறோம் என்பதோடு எந்த நேரத்தில் பாவிக்கிறோம் என்பதும் முக்கியம். இது அதிகம் பேசப்படாத விடயம். இலங்கையில் மின்தேவை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சத்துக்கு ஏறுகிறது. சூரியன் மறைந்துவிட்டதால் கூரைமேல் சூரியத் தகடுகள் அப்போது உதவுவதில்லை. நீர்மின்சாரம் போதாத நாட்களில், நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தோடு எண்ணெயில் ஓடும் நிலையங்களையும் இயக்க வேண்டியிருக்கிறது. அந்த எண்ணெய் நிலையங்களே அதிகச் செலவு வைப்பவை, புகையும் விடுபவை. நல்ல வெயில் நேரத்திலோ நிலைமை தலைகீழ். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையால் தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகல் 12 மணிக்கு மின்சாரத்தை வாங்க ஆளில்லை, இரவு 7 மணிக்கு அதே மின்சாரத்துக்காக எண்ணெய் எரிகிறது. ஆகவே உடுப்புத் தோய்ப்பதையும் அயன் பிடிப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் பகலுக்கு நகர்த்தும் வீடு, ஒரு அலகைக்கூடக் குறைக்காமலேயே எரியும் எண்ணெயைக் குறைக்கிறது. குளிரூட்டியை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓடவிடுவது இரவு நேரத்துக்கான வழி.

எங்கள் தொடர்மாடியில் நிலக்கீழ்த் தாங்கியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டார், எல்லோரும் வேலைவிட்டு வந்து குளிக்கும் மாலை 7 மணிக்கே பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அந்த நேரம் என்று எவருக்கும் தெரியவில்லை. காவலாளி ஐயாவின் கடமை நேரம் அப்போது தொடங்கியதால் யாரோ எப்போதோ அப்படி வைத்திருக்கிறார்கள். குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மேல்மாடி அக்கா ஒருவர் மாலையில் தண்ணீர் முடிந்துபோனால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். தாங்கியின் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்த்தோம், ஒன்றரை நாளுக்குப் போதும் என்று தெரிந்தது. நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினோம். இப்போது மோட்டார் முற்பகல் 11 மணிக்கு ஓடுகிறது, 28 வீடுகளில் எவரும் அந்த மாற்றத்தை உணரவில்லை.